பாட்டிக்கு 100 கேள்வி... பக்கத்துக் குடும்பத்துக்கு ஒரே கேள்வி!

காணும் பொங்கல் அன்று 'எங்கே போகலாம்?' என்று திருச்சியில் யாரும் கேட்பதில்லை. தூக்குவாளியில் புளியோதரை, டப்பாவில் தயிர்சாதம், கக்கத்தில் ஒரு ஜமக்காளம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் முக்கொம்பு. அகண்ட காவிரியாக வரும் ஆறு, இங்கேதான் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது ஸ்ரீரங்கம்.

இந்த வாரம், முக்கொம்புப் பூங்காவின் ஒரே மரத்தடியில் இரண்டு குடும்பங்களை உட்கார வைத்துப் பார்ப்போம். குடும்பங்கள் கற்பனைதான். ஆனால் இவர்களைப் போன்றவர்கள் திருச்சியில் நிறையவே இருக்கிறார்கள். இவர்கள் வழியாக வரும் சட்டங்களும் தேதிகளும் அத்தனையும் நிஜம்.

முதல் குடும்பம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கிறது. பாட்டிக்கு 68 வயது. மகன் அமெரிக்காவில், நியூஜெர்சியில். ஆறு வருடங்களுக்கு முன் மகன் கிரீன் கார்டு எடுத்துக் கொடுக்க, பாட்டியும் அங்கே போய்விட்டார். வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்க ஊருக்கு வந்தவர், பொங்கலும் முடிந்ததும் திரும்ப வேண்டும். காரணம், அமெரிக்கக் குடியுரிமைக்கான நேர்காணல். கடந்த செப்டம்பரில் விண்ணப்பம் போட்டாயிற்று. எந்த நாளும் அழைப்பு வரலாம்.

கூடவே வந்திருக்கும் 12 வயதுப் பேத்தியின் கையில் ஒரு கட்டு அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்.

"பாட்டி, அமெரிக்காவுல ரொம்ப நீளமான ரெண்டு ஆறுல ஒண்ணு சொல்லுங்க."

பாட்டி எதிரே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி, "காவேரி, கொள்ளிடம்" என்றார்.

"ஐயோ பாட்டி! மிசௌரி, மிசிசிப்பி!"

"ஆமாண்டி கண்ணு, தெரியும். கண்ணு முன்னாடி இது ஓடும்போது வாயில அது வர மாட்டேங்குது."

தேர்வு எப்படி நடக்கும்?

அமெரிக்கக் குடியுரிமை பெற விரும்புகிறவர்கள் ஓர் அதிகாரியின் முன் உட்கார வேண்டும். முதலில் வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வதாக உறுதிமொழி. பிறகு விண்ணப்பத்தில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எங்கே வசித்தீர்கள், எத்தனை முறை வெளிநாடு போனீர்கள், வரி கட்டினீர்களா, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று பட்டியல் நீளும்.

இனப்படுகொலையில் பங்கெடுத்தீர்களா, யாரையாவது சித்திரவதை செய்தீர்களா என்றுகூட ஒரு பகுதி உண்டு. 'கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா?' என்பதும் அதில் ஒன்று. பாட்டியைக் கொஞ்சம் கலங்கடித்தது அதுதான். பாட்டியின் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளி. சங்க ஊர்வலத்தில் செங்கொடி பிடித்துப் போனவர்.

"எங்கப்பா போனாரே, அதைச் சொல்லணுமாடா?" என்று மகனிடம் ஃபோனில் கேட்டிருக்கிறார்.

"உன்னைப் பத்திதாம்மா கேள்வி. தாத்தாவைப் பத்தி இல்லை" என்ற பிறகுதான் தூக்கம் வந்ததாம்.

அடுத்தது ஆங்கிலம். மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படித்தால் போதும். மூன்றில் ஒன்றைக் காதால் கேட்டுச் சரியாக எழுதினால் போதும். அதன் பிறகு குடிமையியல் கேள்விகள். எழுத்துத் தேர்வு கிடையாது, வாய்மொழிதான்.

2025 அக்டோபர் 20-க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறை. முன்கூட்டியே வெளியிட்டிருக்கும் 100 கேள்விகளிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. பாட்டி இந்தக் கணக்கில் வருகிறார். அந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்குப் புதிய முறை. 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும்.

கோட்டைவிட்டாலும் பயமில்லை. தோற்ற பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாள்களுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள்.

தமிழிலேயே பதில் சொல்லலாமா?

பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். சொல்லலாம், ஆனால் எல்லோரும் அல்ல.

50 வயது கடந்து, கிரீன் கார்டுடன் 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 55 வயது கடந்து, 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் உண்டு. இவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டுகளும் கடந்தவர்களுக்குச் சலுகை இன்னும் அதிகம். அவர்கள் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொல்ல வேண்டும்.

பாட்டிக்கு வயது இருக்கிறது, ஆண்டுக் கணக்கு இல்லை. ஆறு வருடம்தானே ஆகிறது? எனவே ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், 50 வருடங்களுக்கு மேல் கழித்துப் பரீட்சைக்குப் படிக்கிறார்.

இன்னொரு விஷயம், ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே என்று போய்வரும் பெற்றோர்களுக்கு. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால், தொடர்ச்சியாக வசித்ததாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் வரும். கும்பாபிஷேகம், பேத்தி கல்யாணம் என்று டிக்கெட்டைத் தள்ளிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

கேள்விகளைவிடப் பாட்டியை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 9-ன்படி, ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பதிலுக்கு, 'ஓ.சி.ஐ' அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் விசா இல்லாமல் ஊருக்கு வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் தேர்தலில் வாக்களிக்க முடியாது. புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது.

"நிலம் என்ன, வாங்கவா போறேன்? ஓட்டுதான்டி. கல்யாணமான வருஷத்துலேர்ந்து ஒரு தேர்தல் விட்டதில்லை. இந்த ரெண்டு காவேரிக்கும் நடுவுல இருந்துகிட்டு, இனிமே நான் வேத்தாளா?"

பேத்திக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அட்டைக் கட்டைப் புரட்டினாள். கொள்ளிடம் பக்கமிருந்து வீசிய காற்றில் நாலைந்து அட்டைகள் பறந்து, அடுத்த ஜமக்காளத்தில் போய் விழுந்தன.

'பதினெட்டு!'

அடுத்த ஜமக்காளத்தில் ஒரு பெயின்டர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரி முதலாண்டு, வரலாறு படிக்கிறாள். பறந்து வந்த அட்டைகளைப் பொறுக்கிய அவள், மேலே இருந்த ஒன்றை வாய்விட்டே படித்தாள்.

"ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கக் குடிமக்களுக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?" படித்த வேகத்திலேயே பதிலும் சொன்னாள். "பதினெட்டு! நம்ம நாட்டுலயும் அதேதான். முன்னாடி 21. அரசியலமைப்புல 61-வது திருத்தம் பண்ணி 18 ஆக்குனாங்க."

பாட்டிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "நீ எனக்குப் பதிலா போய்ப் பரீட்சை எழுதிடுவ போலிருக்கே! உனக்கு என்ன வயசு கண்ணு?"

"போன வருஷம் பதினெட்டு முடிஞ்சிருச்சு பாட்டி."

"அப்படின்னா இந்தத் தேர்தல்ல உனக்கு முதல் ஓட்டுன்னு சொல்லு."

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். "இல்லம்மா. நாங்க கொட்டப்பட்டு முகாம்."

திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில், புதுக்கோட்டை சாலையை ஒட்டி இருக்கிறது கொட்டப்பட்டு. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்கின்றன. தலைக்கு மேலே சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் தினமும் பறக்கின்றன. கீழே இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இல்லை.

தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இப்படி இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளைக் கட்டிக் கொடுப்பது உள்ளிட்ட திட்டங்களுக்கு 317 கோடி ரூபாயும் அறிவித்தது. வீடு கட்ட மாநில அரசால் முடியும். குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான்.

இந்தியாவில் என்ன தேர்வு?

இங்கே ஒரு கேள்வி எழும். இந்தியக் குடியுரிமைக்கு இப்படி நூறு கேள்வி கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். இந்தியாவில் குடிமையியல் தேர்வு என்று ஒன்றில்லை. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் இந்தியக் குடியுரிமை கேட்டால், குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சில தகுதிகளைப் பார்க்கச் சொல்கிறது. விண்ணப்பிக்கும் முன் 12 மாதங்கள் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று.

பெயின்டர் 1990-ல், பத்து வயதில், மன்னாரிலிருந்து படகில் வந்தவர். 35 ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறார். தில்லைநகரிலும் உறையூரிலும் எத்தனையோ வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்திருக்கிறார். வழக்கு எதுவும் இல்லை. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தத் தேர்வில் அவர் வாங்க வேண்டிய மதிப்பெண்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

ஆனால் தேர்வறைக்கு வெளியே ஒரு கேள்வி நிற்கிறது. 'முறையான பாஸ்போர்ட்டோடுதான் உள்ளே வந்தாயா?'

செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாமல் வந்தவர், அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர், சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'. 2003-ம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழிகள் அடைபட்டுவிட்டன. குண்டு விழும்போது படகேறியவர்கள் எந்த அலுவலகத்தில் போய்ப் பாஸ்போர்ட் வாங்கியிருக்க முடியும்? அந்தக் கேள்விக்கு விண்ணப்பப் படிவத்தில் இடம் இல்லை.

2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்தத் தடையைச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மதத்தினருக்கு அது பொருந்தும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

ஒரு மாதத்தில் தவறிய குடியுரிமை

"அவர் படகுல வந்தார், சரி. இந்தப் பொண்ணு இங்கதானே பொறந்தா?" என்று பாட்டி கேட்டார்.

பெண் பிறந்தது 2007-ல், திருச்சி அரசு மருத்துவமனையில். அம்மாவும் இந்தியாவில் பிறந்தவர்தான். 1987 ஆகஸ்டில், மண்டபம் முகாமில்.

இங்கேதான் பிறந்த தேதி விளையாடுகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், அநேகமாக எல்லோருமே, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம். இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

அம்மா பிறந்தது ஆகஸ்டில். ஜூனில் பிறந்திருந்தால் அவர் இந்தியர். அப்படி இருந்திருந்தால்கூட, அப்பா படகில் வந்தவர் என்பதால் 2007-ல் பிறந்த மகளுக்குப் பிறப்புரிமை கிடைத்திருக்காது. மூன்று தலைமுறை, மூன்று விதி. ஒவ்வொன்றிலும் வாசல் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது.

அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்பதற்குக் கொட்டப்பட்டிலேயே நிஜமான உதாரணம் இருக்கிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். '1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இவர்' என்பதுதான் வழக்கின் சாரம். 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. பிறந்த அன்றே சட்டம் கொடுத்திருந்ததை, 38 வயதில் விரல் மையாகப் பார்த்தார்.

முகாம்களில் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த வழக்கு ஒரு வழிகாட்டி. பிறப்புச் சான்றிதழ்தான் இதில் உயிர்நாடி. அதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாதவர்கள், பிறந்த ஊரின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

தாத்தாவின் ஊர் எது?

பெயின்டரின் மனைவி அதுவரை பேசவே இல்லை. பாட்டி நீட்டிய புளியோதரையை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா இங்க துறையூர்ப் பக்கந்தாம்மா. கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்காகக் கூட்டம் கூட்டமாக இலங்கை போனவர்களின் வழிவந்தவர்கள் மலையகத் தமிழர்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலையும் கிடைத்தது. 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி ஓடிவந்த மலையகத் தமிழர்களோ 'அகதி' என்ற கணக்கில் முகாமுக்குப் போனார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒருவர் கப்பலில் வந்தார், மற்றவர் கலவரத்தில் வந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த அப்படிப்பட்ட 65 பேர் குடியுரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அவர்கள் மாவட்ட ஆட்சியர் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அதை மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்று மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது.

தண்டனை இல்லை, உரிமையும் இல்லை

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்கிறது அது. 'என்றைக்காவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ' என்ற பயத்துக்கு இது ஆறுதல்.

ஆனால் இது குடியுரிமை அல்ல. 'நீ இங்கே இருப்பது குற்றமில்லை' என்பது வேறு. 'நீ இந்த ஊர்க்காரன்' என்பது வேறு. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும். வாக்குக்கும் அதுவே வேண்டும்.

கடந்த நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் வந்தபோது, தமிழ்நாடே பழைய பட்டியலில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் தேடியது. 'என் பேர் விட்டுப்போயிடுமோ' என்று எல்லோருக்கும் ஒரு மாதம் வயிற்றைக் கலக்கியது. அந்த ஒரு மாதக் கலக்கம்தான் முகாமில் இருப்பவர்களுக்கு நாற்பது வருடமாக. இந்தப் பெண்ணின் கல்லூரித் தோழிகள் 18 வயது ஆனதும் புதிய வாக்காளராகப் படிவம் நிரப்பினார்கள். ஒருத்திக்குப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை. நிரப்பிக் கொடுத்தது இவள்தான்.

ஆறு பிரியும் இடத்தில்

வெயில் இறங்கியது. பூங்காவில் கூட்டம் கலையத் தொடங்கியது. பெயின்டர் கைப்பேசியில் மணி பார்த்தார். முகாமில் வருகைப் பதிவு எடுக்கும் நாளில் நேரத்துக்கு இருந்து பழகியவர், மற்ற நாளிலும் அப்படித்தான் கிளம்புவார்.

கிளம்புவதற்குள் அந்தக் கல்லூரிப் பெண் பாட்டிக்கு இருபது கேள்விகள் கேட்டு முடித்திருந்தாள். 'நாட்டின் உயர்ந்த சட்டம் எது?' என்றதும், "அரசியலமைப்பு" என்று பாட்டி பட்டென்று சொன்னார். முதல் ஜனாதிபதி யார், கொடியில் 13 கோடுகள் எதற்கு, எல்லாம் வந்தது. இருபதில் பதினாறு சரி.

"பாஸ் பாட்டி!"

பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வேண்டாம் வேண்டாம்னு யோசிச்சுக்கிட்டே எழுதப் போறேன். நீ எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சு வெச்சிருக்க. உன்னைக் கேக்கத்தான் ஆள் இல்லை."

குடியுரிமைத் தேர்வு என்றதும் கடினமான கேள்விகளை நினைத்து எல்லோரும் பயப்படுகிறோம். கேள்வி கேட்க ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்திருப்பதே ஒரு பாக்கியம். தோற்றால் 90 நாளில் மறுபடி கூப்பிடுவார்கள். கொட்டப்பட்டில் அந்த அழைப்புக்காகவே ஒரு தலைமுறை கிழவராகிவிட்டது.

பாட்டி குடும்பம் கார் பக்கம் போனது. பெயின்டர் குடும்பம் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தது. பத்தடி போன பிறகு பேத்தி திரும்பி ஓடிவந்து, ஓர் அட்டையை அந்த அக்காவின் கையில் திணித்தாள்.

"இது உங்களுக்கு. எனக்கு இந்த ஆன்ஸர் தெரியும்."

வாக்களிக்கும் வயதைக் கேட்ட அதே அட்டை. அவள் அதைக் கல்லூரி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு பேருந்து ஏறினாள்.